நித்தியகல்யாணியும் புற்றுநோய் மருந்தும்

நித்தியகல்யாணிச் செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகள் எங்கும் பரவிய இச்செடி, தமிழ்நாட்டில் தண்ணீர் ஊற்றுவாரின்றி இடுகாடுகளிலும் பூத்துக் கிடப்பதால் 'சுடுகாட்டு மல்லி' என்றும் அழைக்கப்படுகிறது. இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து ஒன்று இதிலிருந்துதான் கிடைத்தது. ஆனால் கனடாவில் இதை முதலில் ஆராய்ந்தவர்கள் தேடியது புற்றுநோய் மருந்தை அன்று.

ஜமைக்காவில் நீரிழிவு நோய்க்கு இதன் இலைக் கசாயத்தைக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952 இல் அங்கிருந்த மருத்துவர் ஒருவர் சில இலைகளை உறையிலிட்டு, கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். அவர் அவற்றைத் தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட், மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்.

இலைச்சாற்றை வாய்வழியாகக் கொடுத்தபோது எலிகளின் இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தியபோதோ சில நாட்களில் எலிகள் கிருமித்தொற்றால் இறந்தன. வேறொருவர் இத்துடன் ஆய்வை முடித்திருக்கக்கூடும். நோபிள் இறப்பின் காரணத்தைத் தேடினார். எலிகளின் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எலும்பு மச்சையும் பாதிக்கப்பட்டிருந்தது. வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே இரத்தப் புற்றுநோய்! நாட்டு வழக்கம் சரியான செடியைக் காட்டியது. எந்த நோய்க்கு என்பதைச் சோதனையே காட்டியது.

வேதியியலாளர் சார்லஸ் பீர் 1954 இல் நோபிளுடன் சேர்ந்தார். இலையில் மிக நுண்ணிய அளவிலேயே இருந்த பொருளைப் பிரித்தெடுக்கச் சில ஆண்டுகள் ஆயின. வின்பிளாஸ்டின் எனப்படும் அம்மருந்து 1958 இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனமும் அதே காலத்தில் இச்செடியைத் தனியே ஆராய்ந்து வந்தது. அங்கு கண்டறியப்பட்ட வின்கிரிஸ்டின் 1963 இல் அனுமதி பெற்றது. இரண்டும் செல் பிரிவதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றன. பிற மருந்துகளுடன் சேர்த்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் தரப்படுகிறது. இலையை வீட்டில் கசாயமாக்கிக் குடிப்பது இதற்கு ஈடாகாது, அது நஞ்சு.

வருவாயில் மடகாஸ்கருக்குப் பங்கு ஏதும் கிடைக்கவில்லை என்ற குறை பின்னர் எழுந்தது. செடி அத்தீவினுடையது; ஆய்வுக்கு வித்திட்ட வழக்கமோ ஜமைக்காவினுடையது. ஆகவே பங்கு யாருக்கு என்பதும் எளிய கேள்வியன்று. ஒரு நாட்டின் உயிர்வளத்தின் மீது அந்நாட்டுக்கே உரிமை உண்டு என்று ஏற்ற பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கை 1992 இல்தான் வந்தது. அதற்குள் இம்மருந்துகள் புழக்கத்திற்கு வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.