ஒரே புகை, ஊருக்கொரு அபராதம்



போன வாரம் பெங்களூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பஸ் ஸ்டாண்டில் சிகரெட் பிடித்து மாட்டிக்கொண்டானாம். "ஆயிரம் ரூபாய் போட்டுட்டாங்க சார்! நம்ம திருப்பத்தூர்ல 200 தானே?" என்று என்னிடம் நியாயம் கேட்டான். முதலில் சிரித்தேன். பிறகு, இது சரித்திர வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்விதான் என்று தோன்றியது.

எனக்கு இந்தக் கதை 1999-ல் தொடங்குகிறது. அப்போது ஜமுனாமரத்தூர் பக்கம் வேலை. நம் ஜவ்வாது மலையிலிருந்து எஸ்டேட் வேலைக்குக் கேரளா போய்த் திரும்பிய ஒரு பையனின் அப்பா, "அங்க ரோட்டுல பீடி பத்த வெச்சா போலீஸ் புடிக்குது சார்" என்றார். நான் நம்பவில்லை. கையில் பீடியோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்!

அவர் சொன்னது நிஜம். 1999 ஜூலை 12-ல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்த இருவரில் ஒருவர் நம் தேவகோட்டைக்காரர், நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன். இதற்கென்று தனிச் சட்டம் அப்போது கேரளத்தில் இல்லை. 1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் இருந்த 'பொதுத் தொல்லை' பிரிவையே எடுத்து வைத்து, பக்கத்தில் நிற்பவனின் மூச்சும் அவனுடைய உரிமைதான் என்றார்கள்.

2001-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சொன்னது. தமிழ்நாடு 2002-ல் புகைப்பதற்கும் துப்புவதற்கும் சேர்த்தே ஒரு சட்டம் போட்டது (நம்மவர்களை அறிந்து போட்ட சட்டம்). 2003-ல் மத்திய சட்டம் வந்தது. அபராதம் 200 ரூபாய் வரை. ஆனால் அதில் திறந்தவெளிக்கு விலக்கு இருந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், விளையாட்டு அரங்கம் எல்லாம் திறந்தவெளி என்று தப்ப முடியாது என விதி வந்தது. கர்நாடகம் 2025-ல் தன் மாநிலத்துக்கு மட்டும் அதை 1000 ஆக்கிக்கொண்டது. மின் சிகரெட்டிலும் அவர்களே முந்தி: அங்கே 2016, இங்கே 2018, நாடு முழுக்க 2019.

மலையில் மட்டும் இதற்கெல்லாம் முந்திய விதி ஒன்று உண்டு. 1882-ம் ஆண்டு வனச் சட்டம், காப்புக்காட்டுக்குள் கண்டபடி நெருப்பு கொண்டுபோகக் கூடாது என்கிறது. மாசி, பங்குனியில் சருகு எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சட்டம் மரத்தை நினைத்தது. மனுஷன் நுரையீரலை நினைக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கு 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது என்பதும் அந்த 2003 சட்டத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன், மத்தியான இடைவேளையில் எனக்கு பீடி வாங்கிவர உங்களில் சிலரைப் பெட்டிக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன். யாரும் தப்பு என்று சொல்லவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. நான் விட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. போன் செய்தவன் அப்படிப் போய்வந்த பையன்களில் ஒருவன்.

"அபராதத்தில் பாதி என்னுடையதுடா, 500 அனுப்புகிறேன்" என்றேன். "ஐயோ, வேணாம் சார்" என்றான். பேத்தியை விட்டு ஜிபே பண்ணிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.