பிக்கப் எஞ்சின் எண்ணெயும் பாகுத்தன்மை எண்களும்

1925இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காருக்குத் தொழிற்சாலையிலேயே பிக்கப் உடல் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அதன் எஞ்சினில் எண்ணெய் பம்பு கிடையாது. சுழலும் ஃபிளைவீல் வாரி இறைத்த எண்ணெயே பாகங்களைச் சென்றடைந்தது. குளிரில் எண்ணெய் இறுகிவிட்டால் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புவது பெரும்பாடு.

எண்ணெயைப் பாகுத்தன்மைப்படி எண்ணிட்டு வகைப்படுத்தும் முறையை அமெரிக்கத் தானுந்துப் பொறியாளர் கழகம் 1911இலேயே தொடங்கியிருந்தது. குளிர்காலத்தைக் குறிக்கும் 'டபிள்யூ' பின்னர் சேர்ந்தது. 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் எண்ணெயின் இளக்கத்தையும், அடுத்தது 100 பாகை செல்சியசில் அதன் பாகுத்தன்மையையும் சுட்டும். பலரும் எண்ணுவது போல இவை எடையல்ல.

எரிபொருள் சிக்கன விதிகள் இறுகவே, நிறுவனங்கள் மெல்லிய எண்ணெய்க்கு மாறின. இதனால் உராய்வு குறையும். தாங்கிகளைக் காக்கும் எண்ணெய்ப் படலமும் மெலியும்.

2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட 2021–2024 சில்வராடோ, சியரா பிக்கப்புகளையும் வேறு சில வண்டிகளையும் திரும்ப அழைத்தது. வணரித் தண்டு, இணைப்புத் தண்டு ஆகியவற்றின் உற்பத்திக் குறையே காரணம். சோதனையில் தேறாத எஞ்சின்கள் பழுதுபார்ப்புக்கோ மாற்றத்துக்கோ போயின. தேறியவற்றில் 0டபிள்யூ-20க்குப் பதில் தடித்த 0டபிள்யூ-40 ஊற்றப்பட்டது. எண்ணெய் மூடியும் மாற்றப்பட்டு, கையேட்டில் திருத்தத் தாள் சேர்க்கப்பட்டது.