கடைசி பெஞ்சுக் கேள்விக்கு ஒரு தாமதமான பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

1991 ஜனவரி. வளைகுடாப் போர் தொடங்கிய வாரம். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் நாளிதழில் வந்த படத்தைத் தூக்கிக் காட்டினான். காகிதத்தை மடித்துச் செய்தது போன்ற கறுப்பு விமானம். அமெரிக்காவின் எஃப்-117.

"சார், இதுல குண்டு எங்க சார் இருக்கு?"

"வயித்துக்குள்ள. ரேடார் கண்ணுல படாம இருக்கப் புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க."

"அப்போ எல்லா விமானத்துலயும் உள்ளேயே வெச்சுடலாமே சார்?"

"பரீட்சைக்கு வராது. உட்காரு."

ஓய்வுக்குப் பிறகு விமான வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அன்று நான் இரண்டு தவறு செய்திருக்கிறேன். சொன்ன பதில் பாதிதான் சரி. அதைவிட நல்ல கேள்வியை உட்கார வைத்துவிட்டேன்.

முதல் தவறு. போர் விமானத்தின் வயிற்றுக்குள் ஆயுதம் வைப்பது புதுக் கண்டுபிடிப்பே இல்லை. 1950களிலேயே வந்தது. காரணம் ரேடார் அல்ல, காற்று. ஒலியைவிட வேகமாகப் போக வேண்டுமானால் வெளியே தொங்கும் ஏவுகணை பெரும் இழுவை. அதனால் எஃப்-102 விமானத்தில் ஆறு ஃபால்கன் ஏவுகணைகளை உள்ளே வைத்தார்கள். இடம் வீணாகக் கூடாதென்று அறைக் கதவுகளுக்குள்ளேயே சிறு ராக்கெட்டுகளையும் செருகினார்கள்!

அடுத்து எஃப்-105. ஓர் அணுகுண்டை உள்ளே சுமக்கவென்றே வயிற்றில் அறை வைத்துக் கட்டியது. ஆனால் அது போன போர் வியட்நாம். அங்கே தேவைப்பட்டது நிறைய சாதாரணக் குண்டுகள், தூரம் போக நிறைய எரிபொருள். அந்த அறையில் எரிபொருள் தொட்டியை வைத்துவிட்டு, குண்டுகளை வெளியே தொங்கவிட்டார்கள். பையன் கேட்ட கேள்விக்கு வரலாறு அப்போதே பதில் சொல்லிவிட்டது. உள்ளே வைத்தால் கொஞ்சம்தான் வைக்க முடியும்.

பிறகு ஏன் அறை திரும்பி வந்தது? இப்போதுதான் ரேடார் வருகிறது. பியோத்தர் உஃபிம்ட்சேவ் என்ற சோவியத் அறிஞர், விளிம்புகளில் மின்காந்த அலை எப்படிச் சிதறுகிறது என்று 1962இல் ஒரு நூல் எழுதினார். அவர் நாடு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க விமானப்படை 1971இல் மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனப் பொறியாளர் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் பிடித்துக்கொண்டார். அதன் வழியில் பிறந்த எஃப்-117 முதலில் பறந்தது 1981இல். இறக்கைக்குக் கீழே ஒரு குண்டு தொங்கினால் போதும், அந்த மூலைமுடுக்கெல்லாம் அலையைத் திருப்பி அனுப்பி விமானத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எல்லாம் உள்ளே. உள்ளே பிடித்தது எவ்வளவு? இரண்டே இரண்டு குண்டுகள்.

இனி இரண்டாவது கேள்வி. எல்லாவற்றையும் உள்ளே வைத்தால் என்ன நஷ்டம்?

ஒன்று, இடம். வயிறு ஒன்றுதான். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய், சக்கரங்கள், எரிபொருள், ஆயுதம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எஃப்-22க்காக ஆம்ராம் ஏவுகணையின் சிறகுகளையே நறுக்கிச் சின்னதாக்கினார்கள். அப்படியும் பெரிய அறையில் ஆறு, பக்க அறைகளில் ஒவ்வொன்று, மொத்தம் எட்டுதான்.

இரண்டு, எடை. கதவு, அதைத் திறந்து மூடும் பொறி, ஏவுகணையை வெளியே தள்ளும் கருவி எல்லாம் கூடுதல் சுமை. எஃப்-35 கதையைப் பாருங்கள். செங்குத்தாக இறங்கக்கூடிய 'பி' வகையின் எடை 2004 வாக்கில் ஏறத்தாழ ஒரு டன் கூடிப்போய், திட்டமே ஆட்டம் கண்டது. எடையைக் குறைக்கக் கை வைத்த இடங்களில் ஆயுத அறையும் ஒன்று. 'ஏ' வகை உள்ளே 900 கிலோ குண்டு இரண்டு சுமக்கும். 'பி' வகைக்கு 450 கிலோ குண்டுகள்தான்.

மூன்று, சத்தம். காலி பாட்டில் வாயில் ஊதினால் 'ஊ' என்று ஒலிக்குமே, அதேதான். பறக்கும்போது கதவைத் திறந்தால் அறையே ஒரு பாட்டில். அதிர்வு ஆயுதத்தையும் விமான உடலையும் உலுக்கும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ராசிட்டர் என்பவர் காற்றுச் சுரங்கச் சோதனை செய்து, 1964இல் இதற்கு ஒரு சூத்திரமே கொடுத்தார். இன்றும் பொறியாளர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நான்கு, கதவு திறந்திருக்கும் நேரம். அந்தச் சில நொடிகளில் மறைவு குலைகிறது. அதனால்தான் கதவு விளிம்புகளை ரம்பப் பல் போல வெட்டுகிறார்கள், சட்டென்று மூடுகிறார்கள்.

இதற்கெல்லாம் எஃப்-35 ஒரு நடுவழி வைத்திருக்கிறது. எதிரியின் ரேடார்கள் உயிரோடு இருக்கும் முதல் நாட்களில் உள்ளே மட்டும் சுமந்து போகலாம். அவை அழிந்தபின் இறக்கைக்குக் கீழும் மாட்டிக்கொண்டு போகலாம். மறைவு வேண்டுமா, சுமை வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். இரண்டும் முழுதாக ஒருபோதும் கிடைக்காது.

தம்பி, இதுதான் உன் கேள்விக்குப் பதில். "எல்லா விமானத்துலயும் வெச்சுடலாமே" என்று நீ கேட்டதைப் பெரிய பெரிய பொறியாளர்களே எழுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உன் பெயர் நினைவிருக்கிறது, எங்கே இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், உட்காரச் சொன்னதற்கு மன்னித்துவிடு. மறக்காமல் சாருக்கு ஒரு போன் பண்ணு.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, பரீட்சைக்கு வராத கேள்வி கேட்கும் பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். நான் அன்று அதையாவது சொல்லியிருக்கலாம்.

அன்புடன், உங்கள் வரலாறு சார்.