தோலும் ஒரு வாசல்தான்

பாலக்காட்டு அக்ரஹாரங்களில் எண்ணெய் ஸ்நானம் வெறும் சுத்தத்துக்காக மட்டும் ஏற்பட்டதல்ல. பிரசவித்தவளுக்குத் தன்வந்தரம் தைலம், வாத நோய்க்கு க்ஷீரபலா என்று எண்ணெயையே மருந்தாகக் கொண்டவர்கள் நம் முன்னோர்கள். "மேலே தடவுவது உள்ளே போகுமா?" என்று இளைய தலைமுறை கேட்கிறது. நியாயமான கேள்வி. அதற்கு நீண்ட சரித்திரமும் உண்டு.

தோலில் 'ப்ராஜக பித்தம்' என்ற அக்னி இருப்பதாகவும், தேய்க்கும் எண்ணெயையும் பூசும் லேபத்தையும் பக்குவம் செய்வது அதுவே என்றும் சுச்ருத ஸம்ஹிதை கூறுகிறது. கேரள வைத்தியர்கள் இந்த எண்ணெய் சிகிச்சையைப் பிழிச்சில், தாரை, கிழி என்று விரிவாக வளர்த்தார்கள். ஞவரக்கிழிக்கான அறுபது நாள் நெல் நம் பாலக்காட்டு மண்ணில் விளைவது. 2007-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் வேகவைத்து, துணியில் முடிந்து, இளஞ்சூட்டில் உடம்பில் தேய்ப்பார்கள். 1902-ல் பி.எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆர்ய வைத்ய சாலையை நிறுவினார். 1943-ல் பி.வி. ராமவாரியர் கோயம்புத்தூரில் ஆர்ய வைத்ய பார்மஸியைத் தொடங்க, இந்த வைத்தியம் வாளையாரைத் தாண்டியும் வேரூன்றியது.

மேல்நாட்டு மருத்துவம் நெடுங்காலம் தோலை ஒரு சுவராகவே கருதி வந்தது. அதில் ஓட்டை இருப்பதைக் காட்டியவர்கள் வெடிமருந்துத் தொழிலாளர்கள். டைனமைட் ஆலைகளில் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவுடன் தலைவலி மண்டையைப் பிளக்கும். இரண்டொரு நாளில் உடம்பு பழகிவிடும். விடுமுறை கழிந்து வந்தால் மறுபடியும் அதே கதை. நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே சென்று ரத்தக்குழாய்களை விரித்ததே காரணம். அதே பொருளைத்தான் 1879-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் இதய நெஞ்சுவலிக்கு மருந்தாக்கினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1979-ல், பயண வாந்திக்குக் காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நைட்ரோகிளிசரின் பட்டைகளும் அடுத்து வந்தன.

தோலின் மேலடுக்கு பல இடங்களில் 10 முதல் 20 மைக்ரான் கனம்தான். செத்த செல்கள் செங்கல் போலவும், இடையிலுள்ள கொழுப்பு சாந்து போலவும் அமைந்தது. ஆகவே கொழுப்பில் ஓரளவு கரைகிற, சிறிய மூலக்கூறுகளே எளிதில் நுழையும். 500 டால்டனுக்கு மேற்பட்டவை நுழைவது அரிது என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வுரை வகுத்தது. தைலத்தில் உள்ள அனைத்தும் ரத்தத்தில் சேருவதில்லை; சில சேரலாம். சூடும் தேய்ப்பும் ஈரமும் அந்த வாசலை இன்னும் சற்று அகலமாக்கும்.

இடத்துக்கு இடம் வேறுபாடும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் 1967-ல் ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொண்டு அளந்தார்கள். முன்கையில் நுழைவதை ஒன்று எனக் கொண்டால், நெற்றியில் 6 மடங்கு, விரைப்பையில் 42 மடங்கு. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். 1971-ல் அதே குழு பூச்சிக்கொல்லிகளையும் அவ்வாறே சோதித்தது. அங்கும் விரைப்பையே முன்னால் நின்றது.

இங்கேதான் நம் மாநிலத்தின் மற்றோர் எல்லையை நினைக்க வேண்டும். குமுளி, போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வருகிறார்கள். அங்கும் 'மருந்து' உண்டு; தமிழிலும் மலையாளத்திலும் பூச்சிக்கொல்லி தெளிப்பதை மருந்தடிப்பது என்றுதான் சொல்கிறோம். அந்த வகையில் பல, கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள். வேர்வையில் நனைந்த லுங்கியும் சட்டையும் கிழியின் வேலையையே செய்கின்றன. பாஸ்பரஸ் கலந்த வகைகள் நரம்பின் முக்கியமான என்சைம் ஒன்றை முடக்கும். கண்மணி சுருங்கும், வாந்தி வரும், மூச்சுத் திணறும்.

1958-ல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவால் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே விஷம் போனது வாய் வழியாக. அதன் விளைவாக வந்தது 1968-ம் வருஷத்திய பூச்சிக்கொல்லிச் சட்டம். 1971-ல் வந்த அதன் விதிகள் தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்கின்றன. ஆயினும் 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதி காகிதத்தில் இருந்தால் தோலுக்குத் தெரியாது.

நம்மவர் பலருக்கு இன்னும் ஊரில் தென்னந்தோப்போ மலையில் ஏலமோ இருக்கிறது. கையுறை, முழுக்கை உடை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கத் தண்ணீர், மாற்றுடை ஆகியவற்றை உடையவர் தர வேண்டும். வீட்டில் வலிப் பட்டை ஒட்டிக்கொள்ளும் பெரியவர்கள் அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கலாகாது; சூட்டில் மருந்து அளவுக்கு மீறி உள்ளே போகும். ஃபென்டனில் பட்டையானால் உயிருக்கே ஆபத்து. வருவது தைலமா விஷமா என்று தோல் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.