பி.டி.எஃப் ஆவணங்களில் பாதுகாப்பு எச்சரிக்கை

பி.டி.எஃப் பாதுகாப்பு எச்சரிக்கை என்பது, ஒரு பி.டி.எஃப் கோப்பில் உள்ள மின்னணுக் கையொப்பத்தையோ இயங்கு கூறுகளையோ உறுதிப்படுத்த இயலாதபோது, கோப்பைத் திறக்கும் மென்பொருள் பயனருக்குக் காட்டும் அறிவிப்பு ஆகும். தமிழ்நாட்டு மாணவர்கள் இதனை வருவாய்த் துறைச் சான்றிதழ்களிலும் மின்-ஆதாரிலும் சந்திக்கின்றனர். இவற்றில் காணப்படும் மஞ்சள் நிறக் கேள்விக்குறி, கையொப்பமிட்டவரை மென்பொருள் இன்னும் அறியவில்லை என்பதையே குறிக்கிறது. ஆவணம் போலி என்பது அதன் பொருள் அன்று.

பின்னணி

பி.டி.எஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்டது. 2008 இல் இது ஐ.எஸ்.ஓ 32000-1 என்னும் பன்னாட்டுச் சீர்தரமாயிற்று. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மின்னணுக் கையொப்பத்திற்குச் சட்ட ஏற்பு அளித்தது. அதன்பின் சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி முதலிய சான்றிதழ்கள் இ-சேவை மையங்கள் வழியாக மின்னணுக் கையொப்பமிட்ட கோப்புகளாக வழங்கப்படலாயின.

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை தனித்தனி வட்டங்களாகும். அம்பத்தூர் வட்டம் 2018 இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. மற்ற இரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. ஆகவே அம்பத்தூரில் வழங்கப்பட்ட பழைய சான்றிதழில் திருவள்ளூர் மாவட்டம் எனக் குறிக்கப்பட்டிருப்பது பிழையன்று.

எச்சரிக்கை தோன்றும் காரணம்

கையொப்பத்தைச் சோதிக்கும் மென்பொருள் இரண்டு வினாக்களை எழுப்புகிறது.

1. கையொப்பமிட்ட பின் கோப்பு மாற்றப்பட்டதா?
2. கையொப்பமிட்டவர் யார் என்பதற்கு நம்பத்தக்க சான்று உண்டா?

முதல் வினாவிற்கான விடையைக் கோப்பினுள் உள்ள கணிதக் குறியீட்டைக் கொண்டே அறியலாம். இரண்டாவதற்கு ஒரு நம்பிக்கைச் சங்கிலி தேவை. வட்டாட்சியரின் கையொப்பச் சான்றிதழை உரிமம் பெற்ற ஒரு சான்றளிப்பு நிறுவனம் வழங்குகிறது. அந்நிறுவனத்திற்கு, நடுவண் அரசின் சான்றளிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளர் தமது வேர்ச் சான்றிதழ் வழியாகச் சான்றளிக்கிறார். இவ்வேர்ச் சான்றிதழ் பயனரின் மென்பொருளில் நம்பகமானதாகப் பதியப்படாதபோது சங்கிலி முழுமை பெறாமல் மஞ்சள் குறி தோன்றுகிறது.

குறிகளும் பொருளும்

பச்சைச் சரிக்குறி: கோப்பு மாறவில்லை, கையொப்பமிட்டவரும் நம்பகமானவராகப் பதியப்பட்டுள்ளார்.

மஞ்சள் குறி: கையொப்பமிட்டவர் இன்னார் என உறுதிசெய்யப்படவில்லை.

சிவப்புப் பெருக்கல் குறி: கையொப்பம் செல்லாது. கோப்பு மாற்றப்பட்டிருக்கலாம். மூலக் கோப்பை மீண்டும் பதிவிறக்க வேண்டும்.

காகிதத்தில் அச்சிடப்பட்ட சரிக்குறி எதையும் மெய்ப்பிக்காது. அது வெறும் படமே. அச்சுப்படியைச் சரிபார்க்க, அதிலுள்ள சான்றிதழ் எண்ணை அரசின் இணையதளத்தில் உள்ளிட்டுப் பார்க்க வேண்டும்.

சரிபார்க்கும் முறை

1. கோப்பைக் கணினியில் சேமித்து, அடோபி அக்ரோபேட் ரீடரில் திறக்கவும். கையொப்பத்தைச் சோதிக்காத உலாவிகளில் கேள்விக்குறி என்றும் மாறாமல் இருக்கும்.
2. கையொப்பப் பெட்டியின் மீது வலச்சொடுக்கிட்டு, கையொப்பப் பண்புகளையும் பின்னர் கையொப்பமிட்டவரின் சான்றிதழையும் திறக்கவும்.
3. இடப்பக்கத்தில் தோன்றும் சங்கிலியின் உச்சியில் 'சி.சி.ஏ இந்தியா' என்னும் வேர்ச் சான்றிதழ் உள்ளதா எனக் காணவும். அதன் கைரேகை எண்ணைக் கட்டுப்பாட்டாளரின் இணையதளத்தில் உள்ள எண்ணுடன் ஒப்பிடவும்.
4. இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே, 'டிரஸ்ட்' பகுதியில் அச்சான்றிதழை நம்பகமானவற்றுடன் சேர்த்து, கையொப்பத்தை மீண்டும் சோதிக்கவும்.

மூன்றாம் படியைத் தாண்டிச் செல்லலாகாது. ஒருவர் வட்டாட்சியரின் பெயரில் தாமே ஒரு சான்றிதழை உருவாக்கிக் கையொப்பமிட முடியும். அதனை ஆராயாமல் நம்பகமானதாகச் சேர்த்தால் போலி ஆவணத்திற்கும் பச்சைக்குறி கிடைத்துவிடும்.

கணினியின் நாள் தவறாக இருந்தாலும் எச்சரிக்கை தோன்றலாம். தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்த பழைய கணினிகளில் இது நிகழும். நாளைத் திருத்திய பின் மீண்டும் சோதிக்க வேண்டும்.

உலாவியில் காட்சிக் குறைபாடுகள்

வெற்றுப் பக்கம்: முன்னர் உலாவிகள் அடோபியின் செருகுநிரலைக் கொண்டே பி.டி.எஃப் கோப்புகளைக் காட்டின. கூகிள் குரோம் 2010 இலும் பயர்பாக்ஸ் 2013 இலும் சொந்தக் காட்டியைப் பெற்றன. பழைய வகைச் செருகுநிரல்களுக்கான ஆதரவைக் குரோம் 2015 இலும் பயர்பாக்ஸ் 2017 இலும் நீக்கின. எனவே செருகுநிரலை நிறுவுமாறு கூறும் பழைய அறிவுரை இவற்றில் பயன்படாது. கோப்பைச் சேமித்து வெளியே திறப்பதே எளிய தீர்வு.

'காத்திருக்கவும்' என்னும் ஆங்கில அறிவிப்பு: எக்ஸ்.எஃப்.ஏ வகைப் படிவங்களைப் பல உலாவிகள் காட்டுவதில்லை. இத்தகைய படிவங்களை அக்ரோபேட் ரீடரில் திறக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தோன்றுதல்: எழுத்துரு கோப்பினுள் பொதிக்கப்படாததே காரணம். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் உருவான கோப்புகள் சரியாகத் தெரிந்தாலும், படியெடுத்து ஒட்டும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறக்கூடும். தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்றது.

கடவுச்சொல் ஏற்கப்படாமை: மின்-ஆதாரின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததாகும். பெயருக்கு முன் தலைப்பெழுத்தும் புள்ளியும் இருப்பின் அவையும் அந்நான்கில் அடங்கும். தமிழ்ப் பெயர்களில் பலர் தவறுவது இங்கேதான்.

தவிர்க்க வேண்டியவை

கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழைப் பதிவேற்றும்போது அளவைக் குறைக்க வேண்டி, சிலர் கோப்பை மீண்டும் பி.டி.எஃப் ஆக அச்சிடுகின்றனர். இதனால் கையொப்பம் நீங்கி, படம் மட்டுமே எஞ்சும். சுருக்குவதும் பக்கங்களை இணைப்பதும் கையொப்பத்தைக் கெடுக்கும். ஆகவே மூலக் கோப்பை மாற்றாமல் தனியே வைத்திருத்தல் வேண்டும். பிரவுசிங் மையக் கணினியில் திறந்த கோப்புகளை வெளியேறுமுன் அழித்துவிடுவது நன்று.

இவற்றையும் பார்க்கவும்

மின்னணுக் கையொப்பம்
ஒருங்குறி
தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000