1931இல் அம்பிகாவுக்கு என்ன சம்பளம்?

யாங்ஸி சூ எழுதிய 'தி நைட் டைகர்' நாவலை ரெண்டே ராத்திரியில் முடித்தேன். 2019இல் வந்த ஆங்கில நாவல். கதை நடப்பது 1931இல், ஈப்போவிலும் பத்து காஜாவிலும். நம்ம ஊர் ஒரு திரில்லருக்குள் வருகிறது என்றால் சும்மாவா? செத்துப்போன எஜமானரின் துண்டிக்கப்பட்ட விரலை 49 நாளுக்குள் தேடிப் புதைக்கவேண்டிய பதினொரு வயதுப் பையன். அந்த விரல் எதேச்சையாகக் கையில் சிக்கும் நடனக்கூடப் பெண். மனிதன் புலியாக மாறுவான் என்ற நம்பிக்கை. கீழே வைக்க முடியவில்லை. முடித்த பிறகுதான் ஏமாற்றம் வந்தது.

ஏமாற்றத்துக்குக் காரணம் அம்பிகா. தோட்டத்துப் பெண், பெயரைப் பார்த்தாலே நம்ம ஆளு என்று தெரியும். பத்து காஜா மருத்துவமனையின் வெள்ளைக்கார டாக்டர் வில்லியம் ஆக்டனோடு அவளுக்கு ரகசிய உறவு. ரப்பர் தோட்டத்தில் அவள் உடல் கிடக்கிறது. புலி அடித்ததா, வேறு யாராவதா என்று கதை சூடு பிடிக்கிறது. டாக்டரின் பயமும் குற்ற உணர்வும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. அம்பிகா என்ன நினைத்தாள் என்பது தெரியவில்லை. கதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது அவள் சாவை மட்டும்தான்.

"திரில்லர்னா பொணம் வேணும்தானே?" என்றான் நண்பன். சரிதான். வேகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு தோட்டத்துப் பெண்ணை வைத்துத் திகில் கதை எழுத 1931ஐ விடப் பொருத்தமான வருஷம் கிடையாது. அந்தத் திகில் இந்தக் கதையை நகர்த்தவே இல்லை.

1925இல் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. கார் விற்பனை படுத்தது, டயர் வாங்க ஆளில்லை. 1932இல் அதே ஒரு பவுண்டு பத்துக் காசுக்கும் கீழே போனது. துரைமார்கள் முதலில் கைவைத்தது கூலியில். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாள்கூலி, 1930இல் 40 காசும் 32 காசுமாக இறங்கியது. அதற்குப் பிறகும் இறங்கியது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார்கள் ஆள் கூட்டி வருவதும் நிறுத்தப்பட்டது.

அடுத்துக் கப்பல். வேலை இல்லாதவர்களை இங்கே வைத்துச் சோறு போடுவதைவிட ஊருக்கு அனுப்புவது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். 1930 முதல் 1932 வரை ஏறக்குறைய 190,000 இந்தியர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், காடழித்து மரம் நட்டவர்கள், இங்கேயே பிள்ளை பெற்றவர்கள். பினாங்கில் ஏற்றி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறக்கிவிட்டார்கள்.

என் பூட்டி அப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணனைக் கப்பலேற்றினார்கள், பூட்டி தங்கிவிட்டார். அவரை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று பாட்டியைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும்? பெரட்டுல பேரு கூப்புட்டாங்களாம், கூப்புட்டவங்க போனாங்களாம். அம்மா அதுக்கு மேல சொல்லமாட்டாங்கடா." ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் எதுவும் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு கிளை பினாங்குத் துறைமுகத்தோடு முடிந்துபோனது. அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

நாவலை முடித்த வாரம் பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் இருக்கும் கெல்லி கோட்டைக்குப் போனேன். ரப்பர் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் தமிழ் ஆட்களை வைத்துக் கட்டிய மாளிகை. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் கட்டடம் பாதியில் நின்றது. வேலை நடந்தபோது விஷக்காய்ச்சலில் ஆட்கள் மடிந்தார்கள், மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் துரை மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார் என்பது வரலாறு. நன்றிக்கு, கோயிலின் மேலே தெய்வச் சிலைகளோடு துரைக்கும் ஒரு சிலை வைத்தார்கள்.

அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். கூலிக்காரர்கள் தங்கள் சாமிகளுக்கு நடுவே துரைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காய்ச்சலில் செத்தவர்களின் பெயர்களைத்தான் அங்கே தேடினேன், கிடைக்கவில்லை. தொண்ணூறு வருஷம் கழித்து எழுதிய நாவலிலும் டாக்டருக்கு மனசு இருக்கிறது, அம்பிகாவுக்கு உடம்பு மட்டும்தான்.

நான் தேடும் திரில்லர் வேறு. விடிவதற்கு முன்னால் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கிராணி பெயர்ப் புத்தகத்தைத் திறக்கிறார். வரிசையில் அண்ணனும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். யாராவது எழுதுங்கள். அதையும் ரெண்டே ராத்திரியில் முடித்துவிடுவேன்.