கௌபோய் அல்லாத கௌபோய்கள்

எங்கட ஆட்களின் கலைவிழா எதற்குப் போனாலும் ஒரு சண்டை நடக்கும். "இருபது வருசமா ஊர்ப்பக்கமே போகாதவன் ஊரைப் பற்றிப் பாட்டெழுத என்ன தகுதி?" என்று ஒருவர் தொடங்குவார். "பாரம்பரியத்தைக் கலப்படம் செய்யாதேங்கோ" என்று இன்னொருவர் முடிப்பார். அந்த நேரமெல்லாம் எனக்கு 'சன்ஸ் ஒஃப் த பயனியர்ஸ்' என்ற அமெரிக்கக் கௌபோய் இசைக்குழுதான் நினைவுக்கு வரும். நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்ற் குசினியில் ரேடியோ எப்போதும் பழைய பாட்டு அலைவரிசையில்தான் கிடக்கும். கோப்பை கழுவிக்கொண்டு கேட்கத் தொடங்கி, பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

1933இல் கலிபோர்னியாவில் லெனார்ட் ஸ்லை, பொப் நோலன், ரிம் ஸ்பென்சர் என்ற மூன்று பேர் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். மூவரும் வெளியிடத்துக்காரர். பிழைப்புக்காக அங்கே வந்தவர்கள். ஸ்லை ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். பொருளாதார மந்த காலத்தில் குடும்பத்தோடு வந்து கூலிக்குப் பீச் பழம் பிடுங்கினார், லொறி ஓட்டினார். ஸ்பென்சர் களஞ்சியமொன்றில் வேலை செய்தார். நோலன் பிறந்தது கனடாவில். பதின்ம வயதில் தகப்பனிடம் போய்ச் சேர்ந்தபோதுதான் அரிசோனாப் பாலைவனத்தை முதன்முதலில் கண்டார். பிறகு கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் பைகளைச் சுமந்தார்.

'பயனியர் ட்ரியோ' என்பதுதான் இவர்கள் வைத்த பெயர். முன்னோடிகள் என்று சொல்ல இவர்களுக்கு வயது காணாது என்று வானொலி அறிவிப்பாளர் ஒருவர் 'முன்னோடிகளின் பிள்ளைகள்' ஆக்கிவிட்டார். அதுவே நிலைத்தது.

இவர்களின் தனி அடையாளம் யோடலிங். நெஞ்சுக் குரலில் இருந்து திடீரென்று கள்ளக் குரலுக்குத் தாவி, அதே வேகத்தில் திரும்பி வருவது. எங்கட சந்திரபாபு பாட்டுகளில் கேட்டிருப்பீர்கள். அல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்ட சத்தம் அது. 19ஆம் நூற்றாண்டில் ரிரோல் பகுதிப் பாடகர்கள் அதை அமெரிக்க மேடைகளுக்குக் கொண்டு வந்தார்கள். 1927இல் ஜிம்மி றொஜர்ஸ் என்ற முன்னாள் ரயில்வே தொழிலாளி அதைக் கறுப்பின மக்களின் புளூஸோடு சேர்த்து ஒலிப்பதிவு செய்தார். இந்த மூவரும் மூன்று குரல்களில் ஒரே நேரத்தில் யோடல் செய்தார்கள். இதைத்தான் இன்று 'அசல் மேற்கத்திய பாரம்பரியம்' என்கிறார்கள்!

1934இல் இவர்கள் பதிவு செய்த 'ரம்பிளிங் ரம்பிள்வீட்ஸ்' நோலன் எழுதியது. முதலில் அது உருளும் இலைகளைப் பற்றிய பாட்டு. பிறகுதான் இலை செடியாக மாறியது. காய்ந்ததும் அடியில் முறிந்து, காற்றில் உருண்டு உருண்டு விதை கொட்டிப் போகும் செடி. கௌபோய் படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் செடியே அமெரிக்காவில் பிறக்கவில்லை. 1870களில் ரஷ்யாவில் இருந்து வந்த ஆளி விதையோடு கலந்து டகோட்டாவுக்கு வந்தது. விசா இல்லாமல் வந்து ஒரு நாட்டின் சின்னமாகிவிட்டது.

1937இல் ஸ்லை சினிமாவுக்குப் போய் றோய் றொஜர்ஸ் என்ற பெரிய நட்சத்திரமானார். 1949இல் நோலனும் ஸ்பென்சரும் விலகினார்கள். குழு நிற்கவில்லை. ஜோன் ஃபோர்ட்டின் 'றியோ கிறான்ட்' (1950), 'த சேர்ச்சர்ஸ்' (1956) படங்களில் ஒலிப்பது இவர்களின் குரல்தான். கிற்றார் வாசித்த கார்ல் ஃபார் 1961இல் மேடையிலேயே இறந்தார். அதன் பிறகும் ஆட்கள் மாறி மாறி, அதே பெயரில் 80 வருசத்துக்கு மேலாகப் பாடினார்கள். 1980இல் நாட்டுப்புற இசையின் 'ஹோல் ஒஃப் ஃபேம்' கௌரவம் கிடைத்தது. அதே வருசம் நோலன் இறந்தார். அவரின் சாம்பலை நெவாடாப் பாலைவனத்தில் தூவினார்கள். கனடாவில் பிறந்தவர் கடைசியில் தான் பாடிய மண்ணிலேயே கலந்தார்.

ஆகவே தகுதிச் சண்டைக்கு என் பதில் இதுதான்: ஊரில் இல்லாதவனும் பாடலாம். ஏக்கம் பொய்யில்லை என்றால் பாட்டும் பொய்யில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. உண்மையான கௌபோய்களில் கணிசமானோர் கறுப்பினத்தவரும் மெக்சிக்கோக்காரரும். அந்தப் புல்வெளிகளோ பழங்குடி மக்களிடம் இருந்து பறித்தவை. இந்தக் குழுவின் புகழ்பெற்ற பாட்டுகளில் பாலைவனம் இருக்கிறது, நிலா இருக்கிறது, தண்ணீர்த் தாகம் இருக்கிறது. துரத்தப்பட்ட அந்தச் சனத்தைக் காணவில்லை. ஏக்கத்தோடு பாடுகிறவன் தனக்கு வசதியானதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறான்.

நாங்களும் பனங்கூடல், கிணற்றடி, கோயில் திருவிழா என்று பாடுகிறோம். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் எங்கட எத்தனை பாட்டில் இருக்கினம்? அடுத்த கலைவிழாவில் சண்டை பிடிப்பதென்றால் இதைப் பற்றிப் பிடிப்போம்.